வலமிருந்து வருபவருக்கு வழி: பாரிஸில் கார் ஓட்டப் பழகுதல்

ஓர் ஊரில் பல ஆண்டுகள் கார் ஓட்டித் தேர்ந்தவர், வேறு நாட்டின் பெருநகரம் ஒன்றில் முதன்முறையாக ஸ்டீயரிங் பிடிக்கும்போது தடுமாறுவது இயல்பு. அந்தத் தடுமாற்றத்துக்குத் துணிச்சல் போதாமையே காரணம் என்றும், தொடர்ந்து ஓட்டினால் அது தானாகவே தெளிந்துவிடும் என்றும் முன்பே பழகியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. அந்த ஆறுதல் பாதியளவே சரியானது. கிளட்ச், பிரேக், கியர் ஆகியவற்றைக் கையாளும் திறன் எல்லை கடந்ததும் குறைந்துவிடுவதில்லை. குலைந்துபோவது, ஒரு சந்திப்பை நெருங்கும்போது கண் எந்தப் பக்கம் முதலில் திரும்ப வேண்டும், எவர் நிற்பார், எவர் நிற்கமாட்டார், பக்கத்து வண்டியின் சிறு அசைவுக்கு என்ன பொருள் என்று ஓட்டுநர் தம்மை அறியாமலேயே சேர்த்துவைத்திருக்கும் எதிர்பார்ப்புகளின் தொகுப்பு. புதிய ஊருக்கு ஏற்ப அந்த எதிர்பார்ப்புகள் திருத்தம் பெறாதவரை, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் வருவது பழக்கமே தவிர நம்பிக்கை அன்று. தவறான பழக்கம் துணிச்சலோடு சேரும்போது ஆபத்துதான் கூடுகிறது.

இதை ஆராய்வதற்குப் பாரிஸைவிடப் பொருத்தமான நகரம் கிடைப்பது அரிது. இலங்கையிலிருந்தும், புதுச்சேரி உள்ளிட்ட இந்தியப் பகுதிகளிலிருந்தும் சென்று குடியேறிய தமிழர்கள் கணிசமாக வாழும் அந்நகரில், சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் வலப்பக்கம் ஓட்ட வேண்டியிருக்கிறது என்பது எல்லோரும் அறிந்த மாற்றம். ஆனால், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை அந்நகரம் தீர்மானிக்கும் முறையே உண்மையில் பெரிய மாற்றம் என்பதும், வெளியூர்க்காரர்களின் பதற்றத்துக்குப் பெரும்பாலும் அதுவே வேர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பக்கம் மாறுவதால் உடலுக்கு ஏற்படும் குழப்பத்தை முதலில் பார்க்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் ஓட்டுநர் வண்டியின் வலப்புறம் அமர்கிறார். அதனால் ஒரு தடத்துக்குள் வண்டி செல்லும்போது அவருடைய உடல் தடத்தின் வலப்பகுதியில் இருக்கிறது, வண்டியின் பெரும்பகுதி அவருக்கு இடப்புறம் நீண்டிருக்கிறது. பிரெஞ்சு வண்டியில் இடப்புறம் அமர்ந்த பின்னும், பழக்கத்தால் அவர் தம் உடலைத் தடத்தின் வலப்பகுதியிலேயே வைத்துக்கொள்ள முயல்கிறார். விளைவாக வண்டி முழுவதும் வலப்பக்கம் தள்ளிப்போய், ஓரத்தில் நிறுத்தியிருக்கும் கார்களின் கண்ணாடிகளை உரசும் நிலைக்கு வந்துவிடுகிறது. பாரிஸின் குறுகிய தெருக்களில் புதியவர்களுக்கு நேரும் முதல் சேதம் பெரும்பாலும் வலப்பக்கக் கண்ணாடியில்தான். இதற்கான திருத்தம் எளிது: எந்த நாட்டிலும் ஓட்டுநரின் உடல் சாலையின் நடுக்கோட்டை ஒட்டியே இருக்க வேண்டும் என்ற ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டு, வண்டியின் முனையைப் பார்க்காமல் தெருவின் தொலைவைப் பார்த்து ஓட்டினால், உடல் சில நாட்களில் தன் புதிய இடத்தைக் கண்டுகொள்கிறது. இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைத் தட்டுவதும் இத்தகையதே. இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்கின் வலப்புறம் இருக்கும் இண்டிகேட்டர் தண்டு ஐரோப்பிய வண்டிகளில் இடப்புறம் இருப்பதால், மழையில்லாத நாளில் வைப்பர் ஓடும் காரைப் பார்த்தாலே அதை ஓட்டுபவர் புதியவரோ என்ற ஐயம் எழும்.

எதிர்ப்பக்கத்தில் ஏறிவிடும் தவறு, பலரும் அஞ்சுவதுபோல நெரிசலில் நிகழ்வதில்லை. நெரிசலில் முன்னால் செல்லும் வண்டியே வழிகாட்டிவிடுகிறது. அதிகாலையில் வெறிச்சோடிய சாலை, பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியேறும் கணம், நிலத்தடி வண்டி நிறுத்தகத்தின் சரிவில் ஏறித் தெருவுக்கு வரும் இடம் ஆகியவையே இந்தத் தவறின் களங்கள், ஏனெனில் அங்கே பின்பற்ற வேறு வண்டி இல்லை, மூளை பழைய ஊரின் ஒழுங்கைத் தன்னிச்சையாக எடுத்துக்கொள்கிறது. பாரிஸில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்நகரில் ஒருவழித் தெருக்கள் மிகுதியாக இருப்பதால், புதியவர் நெடுநேரம் பக்கத்தைப் பற்றி நினைக்கவே தேவையின்றி ஓட்டிவிட்டு, திடீரென இருவழிச் சாலைக்குள் இடப்பக்கமாகத் திரும்ப நேரும்போது, அருகிலுள்ள தடத்தில் நுழைந்துவிடுகிறார், அது எதிரே வருபவருக்கு உரிய தடம்.

சுவீடன் நாடு 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் அதிகாலையில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது, நாடு முழுவதும் விபத்துகள் பெருகும் என்ற அச்சத்துக்கு மாறாக, தொடக்கத்தில் அவை குறைந்தன. மக்களின் எச்சரிக்கை தளர்ந்தபின், சில ஆண்டுகளில் பழைய அளவுக்குத் திரும்பின. பக்க மாற்றம் தன்னளவில் கொல்வதில்லை, அதைப் பற்றிய விழிப்பு மங்கும் காலமே கவனத்துக்குரியது என்பதற்கு இது நல்ல சான்று. வெளிநாட்டில் ஓட்டப் பழகுபவர் முதல் வாரத்தைவிட, எல்லாம் கைவந்துவிட்டது என்று தோன்றத் தொடங்கும் காலத்தில்தான் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

இனி வழிவிடும் முறைக்கு வரலாம். பிரான்சில் ஒரு சந்திப்பில் சிக்னலோ, நிறுத்தப் பலகையோ, வழிவிடும் முக்கோணமோ இல்லையென்றால், வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. வல முன்னுரிமை எனலாகும் இந்த விதி, சாலையின் அகலத்தையோ வண்டிகளின் எண்ணிக்கையையோ பொருட்படுத்துவதில்லை. அகலமான தெருவில் நேராகச் செல்பவரும், வலப்புறச் சந்திலிருந்து மெல்ல எட்டிப்பார்க்கும் சிறிய வேனுக்கு நின்று வழிவிட வேண்டும். ‘பெரிய சாலை, சிறிய சாலை’ என்ற வேறுபாட்டை வைத்தே வழியைக் கணக்கிட்டு வளர்ந்த ஓட்டுநருக்கு இது அநியாயமாகவே தோன்றும். ஆயினும், கட்டுப்பாடற்ற சந்திப்பில், முதன்மைச் சாலை என்ற நிலை இல்லாதபோது, வலமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்று இந்தியாவில் 1989-ல் வகுக்கப்பட்ட சாலை ஒழுங்குவிதிகளும் சொல்லின. விதி அந்நியமானதன்று, அது உண்மையில் கடைப்பிடிக்கப்படுவதுதான் அந்நியமாகப் படுகிறது. மாம்பலத்திலோ மதுரையிலோ வண்டியின் முனையை முதலில் நுழைப்பவருக்கே வழி கிடைக்கும் என்பதால், ஓட்டுநரின் கண் எதிராளியின் வேகத்தையும் துணிவையும் அளக்கப் பழகியிருக்கிறது. பாரிஸில் வலப்புறச் சந்திலிருந்து வருபவர் யாரையும் அளப்பதில்லை. தமக்கு உரிமை உண்டு என்ற உறுதியோடு, இடப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிலர் வந்துவிடுகிறார்கள்.

இந்தச் சந்திப்புகளில் ஒன்றை அருகிலிருந்து கவனித்தால், உள்ளூர் ஓட்டுநரின் நம்பிக்கை எதனால் ஆனது என்பது விளங்கும். தெருவின் இருபுறமும் முனைவரை கார்கள் நிறுத்தப்பட்டிருக்கும். ஐந்து ஆறு மாடிக் கட்டடங்கள் நடைபாதையை ஒட்டி எழும்பி நிற்பதால், வலப்புறத் தெருவுக்குள் என்ன வருகிறது என்பது கடைசிச் சில மீட்டர்கள் வரை தெரியாது. உள்ளூர்க்காரர் அங்கே நிற்பதில்லை, பிரேக்கை மிதிப்பதும் இல்லை. வலப்புறத்தில் கட்டட வரிசை முறியும் இடம் தென்பட்டதுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார், தலை சற்றே வலமாகத் திரும்புகிறது, கால் பிரேக்கின் மேல் மிதிக்காமல் நிற்கிறது. சந்து வெறுமையாக இருப்பது உறுதியானதும் கால் திரும்பவும் ஆக்சிலரேட்டருக்குப் போகிறது. ஒவ்வொரு வலப்புறத் திறப்பிலும் இது நிகழ்வதால், அவருடைய ஓட்டம் சீரான ஏற்ற இறக்கம் கொண்டதாக இருக்கிறது. புதியவரோ, இரண்டு வகைத் தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்: வலப்பக்கத்தை மறந்து நேராகப் போய்விடுகிறார், அல்லது எல்லாச் சந்துகளிலும் நின்று பின்னால் வருபவரைத் திகைக்கவைக்கிறார். வலப்புறத்திலிருந்து தாமே வெளிப்படும்போது, உரிமை தமக்கு இருந்தும் தயங்கி நிற்பது மூன்றாவது தவறு. இதுவும் சிறியதன்று, ஏனெனில் நேர்ச்சாலையில் வருபவர் அவருக்காக நிற்க, அவர் இவருக்காக நிற்க, பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நகர்வதிலிருந்தே பல உரசல்கள் தொடங்குகின்றன. மரியாதை கருதி உரிமையை விட்டுக்கொடுப்பது நல்ல ஓட்டுதல் என்று எண்ணுவோர் உண்டு. சாலையில் மற்றவர்களுக்குத் தேவைப்படுவது மரியாதையைவிட முன்கூட்டியே ஊகிக்கத்தக்க நடத்தை.

முன்னுரிமைப் பலகைகளைப் படிக்கத் தெரிவது இங்கே உயிர்நாடி. வெள்ளை ஓரமிட்ட மஞ்சள் சாய்சதுரம், செல்லும் சாலை முழுவதற்கும் முன்னுரிமை உண்டு என்பதைக் குறிக்கிறது. அதே சாய்சதுரத்தின் மேல் கறுப்புக் கோடு விழுந்தால் அந்த உரிமை அங்கே முடிகிறது. சிவப்பு ஓர முக்கோணத்துக்குள் தடித்த அம்பும் அதை வெட்டும் மெல்லிய கோடும் இருந்தால் அடுத்த ஒரு சந்திப்பில் மட்டும் முன்னுரிமை. கறுப்புப் பெருக்கல் குறி இருந்தால், வருவது வல முன்னுரிமைச் சந்திப்பு. சிக்னல் பழுதாகியோ இரவிலோ மஞ்சள் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னும்போது, வேறு பலகை இல்லையெனில் வல முன்னுரிமையே மீண்டும் ஆட்சிக்கு வருகிறது. சிக்னல் கம்பம் சந்திப்புக்கு இந்தப் பக்கமே நிற்பதால், நிறுத்தக்கோட்டில் முதலாவதாக நிற்பவர் தலையை அண்ணாந்து தேட வேண்டாம். அதே கம்பத்தில் ஓட்டுநரின் கண்மட்டத்தில் சிறிய விளக்குத் தொகுதி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இதை அறியாமல் எதிர்ப்புறத்தில் விளக்கைத் தேடி, பச்சை விழுந்த பின்னும் நிற்பவர்கள் பலர்.

வல முன்னுரிமையின் உச்ச வடிவம் எத்துவால் சதுக்கம். வெற்றி வளைவைச் சுற்றிப் பன்னிரண்டு பெருஞ்சாலைகள் கூடும் இவ்விடம், 1970 முதல் சார்ல் து கோல் சதுக்கம் எனப் பெயர்மாற்றம் பெற்றிருந்தாலும், பழைய பெயரே பேச்சில் நிலைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒஸ்மான் பாரிஸைப் புதுக்கியபோது பெற்ற வடிவத்தை, கார்கள் பெருகிய காலத்தில் ஒரே திசைச் சுழற்சியாக மாற்ற வேண்டியிருந்தது. எழேன் எனார் என்ற கட்டடக் கலைஞர் சுழற்சிச் சந்திப்புகளைப் பற்றி முன்வைத்த கருத்துகளின் பின்னணியில், 1907-ல் அங்கே ஒருதிசைச் சுழற்சி நடைமுறைக்கு வந்தது. கல் பாவிய அந்தப் பரந்த வட்டத்தில் தடக்கோடுகள் இல்லை. அதைவிட முக்கியம், அங்கே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர், வலப்புறச் சாலையிலிருந்து நுழைபவருக்கு நின்று வழிவிட வேண்டும்.

வெளியூர்க்காரரை நிலைகுலையச் செய்வது இந்த ஒரு விதியே, ஆனால் அதைப் பற்றிக்கொண்டால் குழப்பமாகத் தோன்றும் சுழற்சி முழுவதும் ஒழுங்காகத் தெரியத் தொடங்குகிறது. நுழைபவருக்கு உரிமை இருப்பதால், அவர் விளிம்பிலேயே ஒட்டிச் செல்லாமல் உள்வட்டத்தை நோக்கி உறுதியாக நகர வேண்டும். விளிம்பில் தங்கினால், அடுத்தடுத்த சாலைகளிலிருந்து நுழையும் ஒவ்வொருவருக்கும் நிற்க வேண்டிவரும். உள்ளே சென்றபின் நிலைமை தலைகீழாகி, வழிவிட வேண்டியவர் அவராகிறார். எனவே கண் தொடர்ந்து வலப்பக்கமே இருக்க வேண்டும், இடப்பக்கத்தில் வருபவர்களைப் பற்றிய கவலையைப் பெரிதும் அவர்களிடமே விட்டுவிடலாம், ஏனெனில் அவர்களுக்கு வலப்புறம் இருப்பவர் இவரே. வெளியேற வேண்டிய சாலைக்கு இரண்டு சாலைகள் முன்னதாகவே படிப்படியாக வெளிவட்டத்துக்கு இறங்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் வலப்பக்கத்துக்குப் பொறுப்பேற்றால் எல்லோருடைய பக்கங்களும் காக்கப்படும் என்ற எளிய பங்கீட்டில், அத்தனை வண்டிகளும் கோடில்லாத தரையில் நகர்கின்றன. எத்துவாலைத் தவிர்க்க விரும்புபவருக்கும் வழி உண்டு: பிரெஸ்பூர், தில்சித் என்னும் இரு தெருக்கள் சேர்ந்து சதுக்கத்துக்கு வெளியே ஒரு வளையமாக அமைந்து, பெருஞ்சாலைகளை ஒன்றோடொன்று இணைக்கின்றன. ஷான்சலிசே பெருஞ்சாலையிலிருந்து எதிர்ப்புறப் பெருஞ்சாலைக்குச் செல்லச் சதுக்கத்தின் அடியில் சுரங்கவழியும் இருக்கிறது. தவிர்ப்பதில் குறையேதும் இல்லை. தவிர்க்கும் வழி தெரிந்திருப்பதும் நகரை அறிந்திருப்பதன் ஒரு பகுதிதான்.

எத்துவாலில் கற்றதை அப்படியே மற்ற ரவுண்டானாக்களில் பயன்படுத்தினால் விபத்து உறுதி. பிரான்சில் 1980-களின் முற்பகுதியில் கொண்டுவரப்பட்ட மாற்றத்தின்படி, முறையான ரவுண்டானா என்று பலகையிட்ட இடங்களில் உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை. தலைமுறை தலைமுறையாக வலமிருந்து நுழைந்து பழகிய பிரெஞ்சு மக்களுக்கே அது கடினமாக இருந்ததால், வழிவிடும் முக்கோணத்தின் கீழ் ‘உங்களுக்கு முன்னுரிமை இல்லை’ என்று எழுதிய துணைப்பலகையை வைத்தார்கள். அது இன்றும் பல இடங்களில் காணக்கிடைக்கிறது. ஆக, வட்டமாக இருப்பது எல்லாம் ஒரே விதிக்கு உட்பட்டதன்று. நுழைவாயிலில் வழிவிடும் முக்கோணம் இருக்கிறதா என்று பார்ப்பதே ஒரே வழி. இருந்தால் நுழைபவர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுபவர் நிற்க வேண்டும்.

ஒலியும் ஒளியும் வேறுவகையில் திருத்தம் கோருகின்றன. தமிழ்நாட்டுச் சாலையில் ஹாரன் என்பது பெரும்பாலும் ஒரு தகவல்: வருகிறேன், முந்துகிறேன், வளைவில் இருக்கிறேன் என்பதைச் சொல்வதற்கானது, லாரிகளின் பின்புறத்திலேயே ஹாரன் அடிக்கும்படி எழுதியிருப்பார்கள். பாரிஸில் காவல்துறைத் தலைவராக இருந்த ஆந்த்ரே துபுவா 1954-ல் நகருக்குள் ஹாரன் அடிப்பதற்குத் தடைவிதித்தார். இன்றைய சட்டப்படியும் குடியிருப்புப் பகுதிகளில் உடனடி ஆபத்து நேரும்போது மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். நடைமுறையில் பாரிஸ்காரர்கள் அடிக்காமல் இருப்பதில்லை, ஆனால் அங்கே அது பெரும்பாலும் கண்டனமாகவே ஒலிக்கிறது. ஹாரனைத் தகவலாகக் கேட்டுப் பழகியவர் அதைப் பொருட்படுத்தாமல் போவதும், தகவலாக எண்ணி அடிப்பது வசையாகக் கொள்ளப்படுவதும் ஒருசேர நிகழ்கின்றன. ஹாரன் இல்லாதபோது தகவலைச் சுமக்க வேண்டியவை இண்டிகேட்டரும், தடத்துக்குள் வண்டி நிற்கும் இடமும்தான். இடப்பக்கம் திரும்பப் போகிறவர் முன்கூட்டியே நடுக்கோட்டை ஒட்டி நகர்ந்துவிட்டால், பின்னால் வருபவருக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் அந்நகரம் காருக்குக் கொடுத்துவந்த இடத்தைத் திட்டமிட்டே குறைத்துவருகிறது என்பதையும் புதியவர் உள்வாங்கிக்கொள்ள வேண்டும். சேன் ஆற்றின் வலக்கரைச் சாலையின் ஒரு பகுதி 2016-ல் நடப்போருக்கு ஒப்படைக்கப்பட்டது. ரிவோலித் தெரு 2020 முதல் பெரும்பாலும் சைக்கிள்களுக்கு உரியதாயிற்று. 2021 ஆகஸ்ட் 30 முதல், சில பெருஞ்சாலைகள் நீங்கலாக நகர் முழுவதும் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். 2024 நவம்பர் முதல் நகர மையத்தின் பெரும்பகுதியில், அங்கே வேலை இல்லாமல் வெறுமனே கடந்துசெல்ல மட்டும் கார் நுழையக்கூடாது. ஒருவழித் தெருவில் எதிர்த்திசையில் சைக்கிள் வருவது பல இடங்களில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. சிக்னல் கம்பத்தில் சைக்கிள் படமும் மஞ்சள் அம்பும் கொண்ட சிறிய முக்கோணம் இருந்தால், சிவப்பு விளக்கிலும் சைக்கிள்காரர் அந்த அம்பின் திசையில் செல்லலாம். அவர் விதியை மீறுகிறார் என்று எண்ணி முறைப்பது அறியாமை. நடப்போரைப் பொறுத்தவரை சட்டம் மிகக் கடுமையானது: கடக்கக் காலெடுத்து வைப்பவருக்கோ, கடக்கும் எண்ணத்தைத் தெளிவாகக் காட்டுபவருக்கோ வழிவிடாத ஓட்டுநருக்கு 135 யூரோ அபராதமும், உரிமத்திலிருந்து ஆறு புள்ளிகள் பறிப்பும் காத்திருக்கின்றன.

புள்ளி என்பது 1992-ல் தொடங்கிய முறை. ஒவ்வொரு உரிமத்திலும் பன்னிரண்டு புள்ளிகள் இருக்கும், விதிமீறலுக்கு ஏற்ப அவை குறைந்துகொண்டே வரும், எல்லாம் தீர்ந்தால் உரிமம் செல்லாது. புதிதாக உரிமம் பெறுபவருக்குத் தொடக்கத்தில் ஆறு புள்ளிகள்தான் என்பதால், நடப்பவருக்கு வழிவிடாத ஒரே குற்றம் அவருடைய உரிமத்தையே பறித்துவிடப் போதும். பிரான்சில் குடியேறுபவர் தம் நாட்டு உரிமத்தைப் பொதுவாக ஓராண்டு மட்டுமே பயன்படுத்த முடியும். உரிமத்தை மாற்றிக்கொள்ள இரு நாடுகளுக்கிடையே ஏற்பாடு இல்லையென்றால், பல்லாண்டு அனுபவம் இருந்தாலும் நாற்பது கேள்விகள் கொண்ட விதித்தேர்வில் முப்பத்தைந்துக்குச் சரியாக விடையளித்து, பிறகு ஓட்டுநர் தேர்விலும் வெல்ல வேண்டும். அனுபவசாலிகள் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வது புரிந்துகொள்ளத்தக்கது. ஆயினும், கட்டாயம் இல்லாதவரும்கூட உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவரிடம் சில மணிநேரம் ஓட்டுவது மிகப் பயனுள்ளது என்பதில் ஐயமில்லை, ஏனெனில் ஓட்டுநரின் கண் எங்கே போகவில்லை என்பதைப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வேறொருவரால்தான் காண முடியும். காசுக்குத் தயங்குபவர், நகரப் பேருந்தில் முன்னிருக்கைக்கு அருகே நின்று ஓட்டுநரின் தலை எங்கெங்கே திரும்புகிறது என்று கவனித்தாலே பாதிப் பயிற்சி கிடைத்துவிடும்.

வழிகாட்டும் செயலியை நம்பி ஓட்டுவதால் வரும் இடரும் குறிப்பிடத்தக்கது. ஒஸ்மான் காலத்துச் சந்திப்புகளில் ஐந்து ஆறு தெருக்கள் கூர்ங்கோணத்தில் பிரிவதால், ‘வலப்பக்கம் திரும்பவும்’ என்ற குரலுக்கு இரண்டு மூன்று விடைகள் இருக்கும். திரையைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தும் அந்த நொடியில்தான் வலப்புற வேன் வெளிப்படும். நகரின் எலும்புக்கூட்டை மனத்தில் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. இருபது வட்டாரங்கள் மையத்திலிருந்து கடிகாரத் திசையில் நத்தை ஓடு போலச் சுழன்று விரிகின்றன. தெரு முனைகளில் உள்ள நீலப் பலகையின் உச்சியில் வட்டார எண் பொறிக்கப்பட்டிருக்கும். கட்டட எண்களும் வழி சொல்லும்: 1805-ல் வகுத்த முறைப்படி, ஆற்றுக்கு இணையான தெருக்களில் எண்கள் நீரோட்டத்தின் திசையிலும், குறுக்கான தெருக்களில் ஆற்றிலிருந்து விலகும் திசையிலும் ஏறுகின்றன. இதை அறிந்தவர் வழிதவறினாலும், ஆறு எந்தப் பக்கம் என்பதையாவது கதவெண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார். வழிதவறுவதற்கு அஞ்சாத ஓட்டுநர்தான் கடைசி நொடியில் தடம் மாறாமல் இருப்பார்.

எங்கே, எப்போது பழகுவது என்பதிலும் தேர்வு வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் நகரவாசிகள் பெருமளவில் விடுமுறைக்குச் சென்றுவிடுவதால் தெருக்கள் தளர்ந்திருக்கும். மாறாக, லா ஷப்பல் பகுதியின் தமிழ்க் கடைத்தெருவில், சரக்கு இறக்கும் வேன்கள் இரண்டாம் வரிசையில் நிற்க, மக்கள் வண்டிகளுக்கிடையே புகுந்து கடக்க, வாரக் கடைசியில் அங்கே ஓட்டிப் பழக முயல்வது வீண் சோதனை. ஆகஸ்ட் இறுதியையொட்டி மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் உலா வரும் ஞாயிறன்று, தேங்காய் உடைபடும் அந்தத் தெருக்களுக்குக் காரே போக முடியாது. ஊர்க்காரர்களைப் பார்க்கும் ஆவலில் பலர் முதல் பயணத்தையே அங்கே வைத்துக்கொள்கிறார்கள். மெட்ரோவில் போவதே நல்லது.

உரசல் நேர்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருப்பது அச்சத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. பிரான்சில் சிறு விபத்துகளுக்குக் கூட்டமோ பேரமோ காவலரோ தேவையில்லை. இருவரும் வண்டியை ஓரமாக நிறுத்தி, கொன்ஸ்தா எனப்படும் அச்சிட்ட படிவத்தைச் சேர்ந்து நிரப்புகிறார்கள். இடப்புறம் நீலப் பத்தி ஒருவருக்கு, வலப்புறம் மஞ்சள் பத்தி மற்றவருக்கு, நடுவில் நிகழ்ந்ததைக் குறிக்கும் பதினேழு கட்டங்கள், அடியில் படம் வரையச் சிறிய இடம். அந்தக் கட்டங்களில் ஒன்று, சந்திப்பில் வலமிருந்து வந்ததைக் குறிப்பது. பொறுப்பு யாருடையது என்பதைப் பல வேளைகளில் அந்த ஒரு குறியே தீர்மானித்துவிடுகிறது. கையொப்பமிட்ட பின் முன்பக்கத்தில் எதையும் மாற்றக்கூடாது. ஐந்து வேலை நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். பிரெஞ்சு மொழி சரளமாக வராதவர், படிவத்தை வீட்டிலேயே ஒருமுறை வரிவரியாகப் படித்துவைத்திருந்தால், தெருவோரத்தில் புரியாத வாக்கியத்துக்குக் கீழே கையொப்பமிட வேண்டிய நிலை வராது.

நகரின் எல்லையில் ஓடும் பெரிபெரிக் என்னும் வளையச் சாலையை இறுதியில் பழகுவதே முறை. பழைய கோட்டைமதிலை ஒட்டிய நிலப்பட்டையில் எழுப்பப்பட்டு, 1973-ல் முழுமை பெற்ற இந்த 35 கிலோமீட்டர் சாலையின் வாயில்கள் இன்றும் மதிலின் வாயிற்பெயர்களையே தாங்கியிருக்கின்றன. உள்வளையம் கடிகாரத் திசையிலும் வெளிவளையம் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. 2024 அக்டோபர் முதல் வேக வரம்பு 50 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டதில் புதியவர்களுக்கு நன்மையே அதிகம். 2025 மார்ச் முதல், வேலைநாட்களின் நெரிசல் நேரத்தில் வெள்ளைச் சாய்சதுரம் ஒளிரும்போது, இடக்கோடித் தடம் இருவரோ மேலோ பயணிக்கும் வண்டிகளுக்கும் பேருந்து, டாக்சி முதலியவற்றுக்கும் ஒதுக்கப்படுகிறது. நெரிசலில் பைக்குகள் இடக்கோடித் தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையேயுள்ள இடைவெளியில் வரிசையாக வரும். கார்கள் அவற்றுக்காகச் சற்று விலகி இடம் கொடுக்கின்றன, கடந்துசெல்லும் பைக்காரர் கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க முடியாது என்பதால் வலக்காலை நீட்டி நன்றி சொல்கிறார். அந்தக் கால் நீள்வதை முதன்முறை பார்ப்பவர் உதைக்க வருகிறார் என்றுகூட நினைக்கக்கூடும்.

இந்தச் சாலையிலும் வலமிருந்து நுழைபவருக்கே முன்னுரிமை என்பதுதான் அதன் தனித்தன்மை. எனவே நெடுந்தூரம் செல்பவர் வலக்கோடித் தடத்தில் தங்குவதில்லை. தங்கினால், ஒவ்வொரு வாயிலிலும் நுழைவோருக்கு வழிவிட்டே களைத்துப்போக நேரும். பெரிபெரிக்கிலிருந்து போர்த் து லா ஷப்பல் வாயிலில் பிரிந்து, விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் ஏ1 நெடுஞ்சாலையில் ஏறியதும் விதி மாறிவிடுகிறது: நெடுஞ்சாலையில் இணைபவர்தான் ஏற்கனவே ஓடுபவருக்கு வழிவிட வேண்டும். இணைப்புத் தடத்தின் முடிவில் வழிவிடும் முக்கோணம் நிற்கும். பெரிபெரிக்கில் எல்லோரும் தமக்காக விலகியதை நினைத்து இங்கேயும் அதே உறுதியோடு நுழைபவரைக் காக்க, வலக்கோடித் தடத்தில் வரும் லாரியின் பிரேக் மட்டுமே உண்டு.